‘முடியல, வா’ என்று சொல்லப் போனேன்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாசம், தேனி அல்லிநகரத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் நடந்தது இது. ஆடியில் எங்கள் பள்ளத்தாக்கில் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். மேற்கு மலையிலிருந்து இறங்கி வந்து ஓட்டைப் பிய்க்கும், வாழையைச் சாய்க்கும், கொடியில் காயும் சேலையை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகும். அந்த வருஷம் ஒரு உயிரையும் கொண்டுபோனது. அதைச் சொல்லப் போக வேண்டிய ஆளாக நான் ஆகிப்போனேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஐந்தாவது வரை படித்தேன். பிறகு ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு மலையேறிக் கேரளாவுக்குப் போய் வந்தே வயசு போய்விட்டது. அங்கே காதில் விழுந்த மலையாளம் மட்டும் கொஞ்சம் தங்கியது. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் என்னை ஏதாவது கேட்டுவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மகன் வீட்டோடு தேனிக்கு வந்த பிறகும் அப்படியேதான்.

அந்தச் சமயம் ஊருக்குள் பாஷை படிக்கிற வேலை ஒன்று மும்முரமாக நடந்தது. ரிட்டயரான டீச்சர் ஒருவரும் நூலகத்துக்கு வந்துபோகிற சிலரும் சேர்ந்து ஆரம்பித்தது. எங்கள் ஊரில் பாஷைக்குப் பஞ்சமே கிடையாது. வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டு வாசலுக்கு வந்து தமிழ் பேசுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பஜாரில் மலையாளம். இப்போது கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் வந்தவர்களின் இந்தியும் ஒரியாவும். ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குத் தெரிந்தால் ஊரில் பாதிச் சண்டை குறையும் என்பார் டீச்சர். டீக்கடைக்கு டீக்கடை ஒரு சிலேட்டு தொங்கவிட்டார்கள். தினம் ஒரு வார்த்தை, ஆறு பாஷையில், எல்லாம் தமிழ் எழுத்தில். எங்கள் தெருமுனைக் கடையில் ஒருநாள் ‘சட்னி’ என்று எழுதி, கீழே ஆறு வரியிலும் சட்னி, சட்னி என்றே போட்டிருந்தார் கடைக்காரர். “எல்லாரும் ஒரே நாளுல ஆறு பாஷையும் படிச்சிட்டீகல்ல, இனிமே டீச்சர் தொந்தரவு இல்ல” என்று அவர் சொல்ல, தெருவே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் ஜோடி வகுப்பு. உள்ளூர்க்காரர் ஒருவர், வெளியூரிலிருந்து வந்தவர் ஒருவர். எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று டீச்சர் வந்து நின்றபோது என் மருமகள் என்னைத்தான் கைகாட்டினாள்.

“எங்க அத்தைய கூட்டிட்டுப் போங்க டீச்சர். வீட்டுல தமிழ்லயே பேச மாட்டாக. அங்கன வந்து ஒரியாவுலயாச்சும் பேசட்டும்.”

எனக்கு வாய்த்த ஜோடி, பின்தெருவில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் அறைகளில் ஒன்றில் குடியிருந்த ஒரிசாப் பெண். என் பேத்தியாக இருக்கக்கூடிய வயசு. புருஷன் பைபாஸ் பக்கம் கட்டுகிற ஒரு மண்டபத்தில் பூச்சு வேலை. அவள் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவப் போவாள். என்னை ‘மாஉசி’ என்பாள், அவர்கள் பேச்சில் சின்னம்மா. நான் ‘தாயி’ என்பேன். எங்கள் படிப்பு ரொம்பச் சாதாரணம். அவள் ஒன்றைத் தொட்டுக் காட்டிச் சொல்வாள், நான் திருப்பிச் சொல்வேன். நான் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். தண்ணிக்குப் பாணி, சோற்றுக்குப் பாதோ, உப்புக்கு லுணோ. தப்பாகச் சொன்னால் தொடையில் தட்டிச் சிரிப்பாள். அவளிடம் எனக்குக் கூச்சம் வரவில்லை. இரண்டு பேருமே குழந்தை மாதிரி உளறியதால் இருக்கலாம்.

வகுப்பு முடிகிற நேரத்துக்கு அவள் புருஷன் வந்து வாசலில் நிற்பான். கண் இமையில் கூட சிமெண்டுத் தூசி இருக்கும். சிலேட்டைப் பார்த்து அவன் முழுசாகப் படித்த ஒரே வாக்கியம், “டீ ஒண்ணு, சீனி கம்மி.” என்னைப் பார்த்தாலும் கும்பிட்டுவிட்டு அதையே சொல்வான். நானும் சிரித்துக்கொண்டே “சரிப்பா” என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும்போது ரோட்டில் ஒரு சாவு ஊர்வலம் போனது. எங்கள் பக்கத்தில் அது எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொட்டு, வேட்டு, ஆட்டம், ரோடு முழுக்கப் பூ. அவள் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இதற்கு என்ன வார்த்தை என்று கையால் கேட்டாள். எனக்குச் சொல்ல வரவில்லை. “அப்பறம் சொல்றேன் தாயி” என்றேன். பக்கத்து ஜோடியில் இருந்த அம்மாவும், “நல்ல வார்த்தையாச் சொல்லிக் குடு ஆத்தா, படிக்கிற எடத்துல எதுக்கு அதெல்லாம்” என்றார். டீச்சரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வார்த்தை அன்றைக்கு அப்படியே ஜன்னலோடு போய்விட்டது.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காற்றுக்குப் பயந்து கதவைச் சாத்தி வைத்திருந்தேன். தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால் டீக்கடைக்காரரின் மனைவியும் பக்கத்து வீட்டு அம்மாவும் நிற்கிறார்கள். பின்னால் மண்டப வேலையைப் பார்க்கிற மேஸ்திரி, பைக்கை உருட்டிக்கொண்டு. அந்த ஆளின் சட்டையில் ரத்தம் இருந்தது.

சாரத்தின் மேல் தட்டில் நின்று பூசிக்கொண்டிருந்த அந்த ஒரிசாப் பெண்ணின் புருஷன், காற்றில் பலகை தூக்கிக்கொள்ள, கீழே விழுந்துவிட்டான். ஆண்டிபட்டி ரோட்டில் இருக்கிற பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. கூட வேலை பார்த்த ஒரிசாப் பையன்களைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு இருந்த ஒரே போன் அவன் சட்டைப் பையில் இருந்தது.

“ஆத்தா, நீதான வாராவாரம் அவகூட ஒக்காந்து பேசுற. நீ போயிச் சொல்லு” என்றார் டீக்கடைக்காரரின் மனைவி.

“எனக்கு என்னத்த தெரியும்? தண்ணி, சோறு தெரியும்.”

“அது போதும். போட்டு ஒடைச்சிராத. முடியல, வான்னு மட்டும் சொல்லு. மத்தத அவளே புரிஞ்சிக்கிருவா.”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எங்கள் பக்கத்தில் கட்டினவளிடமோ பெற்றவளிடமோ செத்துவிட்டார் என்று யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். ‘கொஞ்சம் முடியல, வா’ என்பார்கள். கேட்கிறவளுக்குத் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரர் போனபோது நான் ஏலக்காய்ச் செடிக்குள் குனிந்திருந்தேன். இரண்டு பெண்கள் வந்து, “அண்ணனுக்கு முடியலக்கா, வா” என்றார்கள். ஒருத்தி என் இடுப்பிலிருந்த கூடையை அவிழ்த்தாள். இன்னொருத்தி என் முகத்தைப் பார்க்காமல் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். வாயால் யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. வீடு வந்து சேர்வதற்குள் நான் பாதி அழுது முடித்திருந்தேன். நேராகச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே நெஞ்சு வெடித்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அது நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் காட்டுகிற இரக்கம்.

அதே இரக்கத்தோடுதான் அவள் வாசலுக்குப் போனேன். டீக்கடைக்காரரின் மனைவியும் தெருப் பெண்களும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டார்கள்.

அன்று அவளுக்கு மெஸ்ஸில் விடுமுறை. தலைக்குக் குளித்து, ஈர முடியோடு துணி உதறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “மாஉசி! வா, உக்காரு” என்று தமிழில் சொல்லிப் பாயை விரித்தாள். நான் உட்காரவில்லை. புருஷனைச் சொல்லி, “தேஹோ பலோ நாஹி” என்றேன். உடம்பு நல்லாயில்லை என்று அர்த்தம், காய்ச்சல் தலைவலிக்கு அவள் சொல்லிக் கொடுத்தது. “ஆஸ்பத்திரி. ஆஸோ” என்றேன். வா என்று அர்த்தம். சொல்லிவிட்டு, என்னிடம் சொன்ன பெண்கள் மாதிரியே முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன்.

அவள் பதறினாள். என்னென்னவோ வேகமாகக் கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, “ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி என்ற வார்த்தை அவளுக்கு ஏனோ தைரியம் கொடுத்துவிட்டது. தலையை ஆட்டினாள். வாசலில் நிற்கும் பெண்களை ஒரு தடவை பார்த்தாள். அழப்போகிறாள், பிடித்துக்கொள்ளலாம் என்று நான் கையை நீட்டினேன்.

அவள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

சாவு விழுந்த வீட்டில் எடுத்து முடிக்கும்வரை எங்களில் யாரும் அடுப்பு மூட்ட மாட்டோம். இவள் ஸ்டவ்வை ஏற்றி, அரிசியைக் களைந்து, தண்ணீரை நிறைய ஊற்றி வைக்கிறாள். கஞ்சி. சீக்காளிக்கு அவர்கள் காய்ச்சுகிற கஞ்சிக்கு ஜாஉ என்று பெயர், அதையும் அவள்தான் எனக்குச் சொல்லியிருந்தாள்.

வாசலில் பேச்சு கிளம்பியது.

“என்னடி இவ, அடுப்பப் பத்த வைக்கிறா?”

“புருஷன் அங்கன கெடக்கான், இவளுக்குச் சோறு எறங்குமா? கல்லு மனசு போல.”

“வெளியூர்க்காரிக. அவுக பழக்கம் அப்படியோ என்னமோ.”

எனக்குத்தான் புரிந்தது. அவள் மனசு கல் இல்லை. நான் என்ன சொன்னேனோ அதை அப்படியே நம்பியிருக்கிறாள். உடம்பு நல்லாயில்லை என்றேன், அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்கிறாள். நான் திருப்பிக்கொண்ட முகமும், வாசலில் வந்து கூடிய பெண்களும் எங்கள் ஊர்க்காரிக்குத்தான் சேதி. அவளுக்கு நாங்கள் சும்மா வந்து நிற்கிற ஆட்கள்.

கஞ்சி கொதிக்கிற நேரத்தில் அவனுடைய துவைத்த சட்டை ஒன்றை மடித்துப் பையில் வைத்தாள். கண்ணாடியைப் பார்த்து வகிட்டில் சிவப்பு வைத்துக்கொண்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, அவளுக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்:

“மாஉசி, டாக்டர் உப்பு வேணாம் சொல்லும்?”

தலையை ஆட்டினேனா, இல்லையா என்று கூட ஞாபகமில்லை. உப்பைக் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டுக் கலக்கி, தூக்குவாளியில் ஊற்றி, துண்டால் சுற்றிக்கொண்டாள்.

தெருமுனையில் மேஸ்திரி ஆட்டோ பிடித்து வைத்திருந்தார். அவர் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார், நாங்கள் இருவரும் பின்னால். தூக்குவாளி அவள் மடியில். காற்று ஆட்டோவை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. அவள் சூடு ஆறிவிடக் கூடாது என்று சேலைத் தலைப்பையும் சேர்த்துப் போர்த்தினாள். நடுவில் என்னைப் பார்த்துச் சிரித்து, என் கையை அமுக்கினாள். பயப்படாதே என்று எனக்குத் தைரியம் சொல்கிறாள்.

ஆஸ்பத்திரியில் இவளை எங்கே கூட்டிப்போவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். வார்டைத் தாண்டி, பின்னால் இருக்கிற கட்டடத்துக்கு. கஞ்சிவாளியோடு ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே போவாள். துணியை விலக்கிக் காட்டுகிறவர் வரைக்கும் இவளுக்கு எதுவும் தெரியாது.

“வண்டிய நிறுத்துங்க” என்றேன்.

“என்ன ஆத்தா, ஆஸ்பத்திரி இன்னும் தள்ளி இருக்கு” என்றார் டிரைவர். மேஸ்திரி திரும்பிப் பார்த்து, “ரோட்டுல ஒப்பாரி வைக்க விட்றாத. அங்க போயி பாத்துக்கிரட்டும். நீ எதுக்கு ஆத்தா வாயத் தொறக்குற?” என்றார்.

என் வாழ்க்கையில் ஒரு ஆம்பிளையிடம் நான் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று, “நிறுத்தப் போறியா, நான் குதிக்கவா?” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. ஆட்டோ ஒரு புளியமரத்துப் பக்கம் ஓரங்கட்டியது.

அவளை இறக்கினேன். வண்டி கெட்டுவிட்டது என்று நினைத்தாள் போல, வேறு ஆட்டோ வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். நான் அவள் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக் கீழே வைத்தேன். “கஞ்சி வேணாம் தாயி. இனிமே வேணாம்” என்றேன். அவள் வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த ஒரியா முழுவதையும் மனசுக்குள் துழாவினேன். தண்ணி இருந்தது, சோறு இருந்தது, பஸ் இருந்தது, விலை இருந்தது. வேண்டியது இல்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. இந்த முறை நான் முகத்தைத் திருப்பவில்லை.

அவள் முகம் மெல்ல மாறியது. ரொம்ப மெதுவாக, வகுப்பில் ஒரு புது வார்த்தையை எனக்குச் சொல்வது போல, கேட்டாள்:

“மரிகலே?”

அந்த வார்த்தையை அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. ஆனால் மலையில் மலையாளத்தில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், ‘மரிச்சு போயி’ என்று. தெரியாமலா இருக்கும்? தலையை ஆட்டியிருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம், அவள் சொன்னால் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். என் வாய் தானாகத் திருப்பிச் சொன்னது.

“மரிகலே.”

சரியாகத்தான் சொன்னேன். அவள் திருத்தவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். இல்லை. மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். புளியம்பூவும் சருகுமாகத் தலையில் கொட்டியது. பிறகு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துத் தமிழில் கேட்டாள்.

“மாஉசி... நீ வீட்டுக்கு வரும்போது... தெரியும்?”

தெரியும் என்று தலையாட்டினேன்.

அவள் தானாகப் போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். வாளியை நான் எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் எங்கள் தெருப் பெண்கள் பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தார்கள். அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். காலையில் கல்மனசு என்றவர்தான் எல்லாரையும்விட அதிகமாக அழுதார். அவள் நடுவில் மரம் மாதிரி நின்றாள். துணியை விலக்கியபோது உள்ளே கூடப் போனவள் நான்தான். என் கையை அவள் பிடித்துக்கொள்ளவில்லை, நானாகப் பிடித்தேன். விலக்கவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் ஒரு வேனில் அவனை வைத்து ஒரிசாவுக்கு அனுப்பினார்கள். கூட வேலை பார்த்தவர்களில் இரண்டு பேரும் அவளும் போனார்கள். தூக்குவாளியைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் வழியே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ‘மாஉசி’ என்று ஒரு தடவை கூப்பிட மாட்டாளா என்று நின்றேன். வண்டி கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த அறைக்கு வேறு ஆள் குடி வந்தாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜோடி இல்லாமல் போய் உட்கார்ந்தேன். டீச்சர், யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வழக்கமாகக் கேட்பார். யாரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை, எழுந்துவிட்டேன். செத்துப்போவதற்கு, விழுந்து அடிபடுவதற்கு, ரத்தத்துக்கு, ஆளைக் காணோம் என்பதற்கு எல்லாருக்கும் எல்லா பாஷையிலும் வார்த்தை சொல்லித் தர வேண்டும் என்றேன். “சும்மா இரு ஆத்தா, வெளக்கேத்துற நேரத்துல” என்று இரண்டு பேர் அதட்டினார்கள். எனக்கு அழுகை வந்து பாதியில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் பலகைக்குப் போய், படிக்க வந்தவர்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு அந்த வார்த்தைகளை எழுதினார்.

டீக்கடைச் சிலேட்டில் மட்டும் இன்றுவரை அவை ஏறவில்லை. வியாபாரம் நடக்கிற இடம் என்கிறார் கடைக்காரர். அவரையும் குறை சொல்ல முடியாது. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வார்த்தைகளை நான் சொல்லிக் கொடுக்கிறேன். இப்போதைய என் ஜோடி ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். முதல் நாளே சொன்னேன். என்னடா கிழவி இப்படி ஆரம்பிக்கிறாள் என்று பயந்து பார்த்தாள், ஆனாலும் திருப்பிச் சொன்னாள்.

எங்கள் முறை தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அது எங்களுக்குள் இரக்கம்தான். ஆனால் நம்மை நம்பி வந்தவர்களுக்குச் சோறு, தண்ணி என்று கொடுக்கிற பாஷையோடு இந்த வார்த்தையையும் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த நாள் வரும்போது அவர்கள் உள்ளே கஞ்சிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நாம் எல்லாம் தெரிந்துகொண்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம்.